வாடகை இல்லாத பட்ஜெட்: தாராவிக் கற்றல் மையம் ஒன்றின் நிதி முன்மொழிவு குறித்த நிகழ்வு ஆய்வு

தொண்டு நிறுவனங்கள் நிதி கேட்டு எழுதும் முன்மொழிவுகள் ஏன் நிராகரிக்கப்படுகின்றன என்ற கேள்விக்கு, ஆங்கிலம் சரியில்லை, எழுதத் தெரிந்தவர் இல்லை என்ற பதிலே பெரும்பாலும் முதலில் வருகிறது. இந்த ஆய்வு அந்தப் பதிலை ஏற்கவில்லை. சிறிய அமைப்புகளின் முன்மொழிவுகள் மொழியில் தோற்பதைவிடக் கணக்கில் தோற்பதே அதிகம் என்பதும், அந்தக் கணக்குப் பிழையும் கூட்டல் தெரியாததால் வருவதன்று, சில செலவுகளைச் சொல்லக் கூச்சப்படுவதால் வருவது என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அமைப்பு மும்பை தாராவியில் இரண்டு வாடகை அறைகளில் பள்ளி நேரத்துக்கு வெளியே கற்றல் மையம் நடத்தும் ஒரு சிறு தமிழர் அமைப்பு. இது ஒரு மாதிரி அமைப்பு. இப்படிப்பட்ட அமைப்புகள் எதிர்கொள்ளும் நிலைமைகளை ஒன்றுசேர்த்து அமைத்தது. அதன் தொகைகளும் மாணவர் எண்ணிக்கையும் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. சட்டம், விதி, ஊர் நடப்பு ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

அமைப்பும் அதன் சூழலும்

தாராவித் தமிழ்க் குடும்பங்களில் பல, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவை. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, கன்னடம், தமிழ், தெலுங்கு என எட்டு மொழி வழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் தமிழ் வழியிலும் தங்கை ஆங்கில வழியிலும் படிப்பது இங்கே வியப்புக்குரியதன்று. வீட்டில் பேசுவது தமிழ், தெருவில் கேட்பது இந்தி, பாடநூலில் இருப்பது வேறொன்று என்ற நிலையில், நான்காம் வகுப்பை எட்டியும் எந்த மொழியிலும் சரளமாக வாசிக்க முடியாத குழந்தைகள் உருவாகிறார்கள். அவர்களுக்காகத் தொடங்கப்பட்டதே இந்த மையம்.

மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை 120 குழந்தைகள் வருகிறார்கள். மாநகராட்சிப் பள்ளிகள் பல காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்டாக நடப்பதால், மையமும் நாளொன்றுக்கு மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. ஒரு அறையில் ஒரு நேரத்தில் 20 பேருக்கு மேல் உட்கார முடியாது. அதே தெருக்களைச் சேர்ந்த ஆறு பெண்கள் டீச்சர்களாக இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நாளுக்கு இரண்டு பிரிவு, அதாவது நான்கு மணி நேரம் வேலை செய்கிறார்கள். ஒரு ஒருங்கிணைப்பாளரும், வாரத்தில் சில நாள் வந்துபோகும் கணக்கரும் உண்டு. எல்லோரும் அக்கா என்று அழைக்கும் செயலாளருக்குச் சம்பளம் கிடையாது.

பதிவுகள் ஒழுங்காகவே இருந்தன. 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு, மகாராஷ்டிரத்தில் அதனுடன் சேர்ந்தே வரும் பொது அறக்கட்டளைச் சட்டப் பதிவு, வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தரும் தர்பண் எண் ஆகிய அனைத்தும் கைவசம் இருந்தன. நிறுவனங்களிடமிருந்து சி.எஸ்.ஆர். நிதி, அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி, பெற விரும்பும் அமைப்பு 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதியும் நிறைவேற்றப்பட்டிருந்தது. அதுவரை பணம் வந்தது பெற்றோர் தரும் மாதம் 50 ரூபாயிலும், மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துத் தமிழ் நன்கொடையாளர்களின் உதவியிலும்தான்.

கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் ஒருவர் பணம் அனுப்ப முன்வந்ததும், அதை ஏற்க முடியாமல் போனதும் இதனுடன் சேர்த்துச் சொல்லத்தக்கவை. மலேசியக் குடியுரிமை பெற்றவரின் பணம் வெளிநாட்டு நன்கொடையாகும், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவில்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது. அவரே இந்தியக் கடவுச்சீட்டுடன் அங்கே வேலை பார்ப்பவராக இருந்து, தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் தடை இருந்திருக்காது. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும் பழைய வழியும், 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அடைபட்டுவிட்டது. எனவே மீதமிருந்த பெரிய வாசல் சி.எஸ்.ஆர். ஒன்றே.

முதல் முன்மொழிவு

கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், தன் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மும்பையில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றின் சி.எஸ்.ஆர். பிரிவு கல்வித் திட்டங்களுக்கு முன்மொழிவு கேட்டபோது, அமைப்பு அதை எழுதித்தர வெளியிலிருந்து ஒரு எழுத்தரை அமர்த்தியது. நிதி கிடைத்தால் அதில் குறிப்பிட்ட சதவீதம் அவருக்கு என்பது ஏற்பாடு.

முன்மொழிவை வாசிப்பதற்கு முன்பே இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிதி திரட்டுவோருக்கான சர்வதேசச் சங்கமான ஏ.எஃப்.பி. தன் நெறிமுறையில் சதவீதக் கூலியைத் தடை செய்திருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. கேட்கும் தொகை பெருகப் பெருகத் தன் கூலியும் பெருகும் என்றால், எழுதுபவர் அமைப்புக்கு எவ்வளவு தேவை என்று யோசிக்கமாட்டார். நிறுவனம் எவ்வளவு தரக்கூடும் என்றே யோசிப்பார். மேலும் அந்தக் கூலியை எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவது? ஒப்புக்கொண்ட பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லை.

முன்மொழிவு நாற்பது பக்கம் இருந்தது. முதல் பன்னிரண்டு பக்கங்களில் தாராவியின் வறுமை, நெரிசல், கழிப்பறைப் பற்றாக்குறை ஆகியவை விவரிக்கப்பட்டன. எதுவும் பொய்யில்லை, ஆனால் ஒரு குழந்தை ஏன் வாசிக்கவில்லை என்பதற்கு அவற்றில் எதுவும் விடை சொல்லவில்லை. அதன்பின் 1,000 குழந்தைகளின் வாழ்வு ஒளிபெறும் என்ற இலக்கு வந்தது. கடைசியாகப் பட்ஜெட்.

பட்ஜெட் 20 லட்சம் ரூபாய். அதில் 60 டேப்லெட்டுகளுக்கு 7,20,000, இரண்டு ஸ்மார்ட் போர்டுகளுக்கு 3,00,000, டீச்சர்களின் சம்பளத்துக்கு 6,48,000, ஒருங்கிணைப்பாளரின் பாதிச் சம்பளமாக 1,32,000, கற்றல் பொருள்களுக்கு 1,20,000, இதர செலவுக்கு 80,000. வாடகை இல்லை. மின்கட்டணம் இல்லை. கணக்கர் இல்லை. தணிக்கைக் கட்டணம் இல்லை.

நிராகரிப்பு மூன்று வரிகளில் வந்தது: பயனாளிகளின் எண்ணிக்கைக்கும் பணியாளர்களுக்கும் பொருத்தம் இல்லை, திட்டம் தொடங்கும் முன் குழந்தைகளின் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற தொடக்க நிலை அளவீடு இல்லை, திட்டச் செலவு முழுமையாகத் தெரியவில்லை. மூன்று வரிகளே ஆனாலும் அவை கவனமாகப் படித்தவர் எழுதிய வரிகள். சிறு அமைப்புகளுக்குப் பெரும்பாலும் அந்த அளவு பதில்கூடக் கிடைப்பதில்லை.

ஆயிரமும் நூற்றிருபதும்

ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால் விடை எளிது. பொங்கல் விழாவுக்கு வந்த குழந்தைகள், கண் பரிசோதனை முகாமுக்கு வந்தவர்கள், மாணவர்களின் தம்பி தங்கைகள் என எல்லோரையும் கூட்டினால் அந்த எண்ணை நெருங்கலாம். ஆனால் பரிசீலிப்பவர் அறையின் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். ஒரு பிரிவுக்கு 20 பேர், இரண்டு அறை, மூன்று பிரிவு என்றால் 120. ஆறு டீச்சர்கள் ஆயிரம் பேருக்கு வாசிக்கக் கற்றுத்தர முடியாது என்பதற்கு நிபுணத்துவம் தேவையில்லை.

ஆயிரத்தால் வகுத்தால் ஒரு குழந்தைக்கு 2,000 ரூபாய் வருகிறது. அந்த மலிவுதான் எழுத்தருக்குப் பிடித்திருந்தது. மலிவாகத் தெரிந்தால் விரும்பித் தருவார்கள் என்ற நம்பிக்கை தொண்டுத் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. என் கருத்தில், முன்மொழிவுகளைக் கெடுப்பதில் இதற்கு நிகரான நம்பிக்கை வேறில்லை.

பட்ஜெட்டைப் பிரித்துப் பார்த்தல்

நிராகரிப்புக்குப் பின் செயலாளர், ஒருங்கிணைப்பாளர், கணக்கர் மூவரும் ரொக்கப் புத்தகத்தையும் வவுச்சர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, மையம் ஓராண்டு நடக்க உண்மையில் என்ன செலவாகிறது என்று வரிவரியாக எழுதினார்கள். டீச்சர்கள் ஆறு பேருக்கு மாதம் 9,000 வீதம் 6,48,000. ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 22,000 வீதம் 2,64,000. இரண்டு அறைகளுக்கு மாதம் 15,000 வீதம் வாடகை 3,60,000. மின்சாரம், தண்ணீர், துப்புரவுக்கு 48,000. கணக்கருக்கு 96,000. தணிக்கைக்கு 30,000. கற்றல் பொருள்களுக்கு 1,20,000. டீச்சர்களின் பயிற்சிக்கு 60,000. மாணவர் மதிப்பீட்டுக்கும் பதிவேடுகளுக்கும் 54,000. மொத்தம் 16,80,000 ரூபாய்.

இதை முதல் பட்ஜெட்டின் பக்கத்தில் வைத்தபோதுதான் உண்மையான அதிர்ச்சி. கேட்டது 20 லட்சம். ஆனால் அதில் மையத்தின் நடப்புச் செலவைத் தாங்கும் பகுதி டீச்சர் சம்பளம், பாதி ஒருங்கிணைப்பாளர் சம்பளம், கற்றல் பொருள்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த 9 லட்சம் மட்டுமே. மீதி 7,80,000 ரூபாய்க்கு வழியே சொல்லப்படவில்லை. இதர செலவு என்று எழுதிய 80,000 முழுவதையும் அதற்குத் திருப்பினாலும் 7 லட்சம் பள்ளம் விழும். அதாவது அந்த முன்மொழிவு வெற்றி பெற்றிருந்தால், பத்து லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள கருவிகளை வைத்துக்கொண்டு, அவற்றை வைப்பதற்கான அறைக்கு வாடகை கொடுக்க முடியாமல் அமைப்பு நின்றிருக்கும். டேப்லெட் பணத்தை வாடகைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. சி.எஸ்.ஆர். நிதி ஒப்புதல் தந்த நோக்கத்துக்கும் முறைக்கும் ஏற்பவே செலவானது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அலுவலர் சான்றளிக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் தலைப்பு மாறிய ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனம் விளக்கம் கேட்கிறது.

வாடகையையும் கணக்கரையும் ஏன் மறைத்தார்கள்? “வாடகையக் காட்டினா தர மாட்டாங்கக்கா, அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல போயிரும்” என்பதே கணக்கரின் விளக்கம். இந்த ஐந்து சதவீதம் தொண்டு அமைப்புகளிடையே வேதவாக்காகவே உலவுகிறது. உண்மையில் அந்த விதி சொல்வது வேறு. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளின்படி, நிர்வாகச் செலவு என்பது நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணியைப் பொதுவாக நிர்வகிக்கத் தானே செய்யும் செலவு. அதுதான் நிறுவனத்தின் ஓராண்டு சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடைமுறைப்படுத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவுகள் அந்த வரையறைக்கு வெளியே இருக்கின்றன. வகுப்பு நடக்கும் அறையின் வாடகை திட்டத்தின் நேரடிச் செலவு. அதை நிர்வாகச் செலவாக நினைத்து நடுங்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், எஃப்.சி.ஆர்.ஏ. நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 2020-இல் 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு சட்டங்களின் இரண்டு வரம்புகளும் காதுவழிச் செய்தியாகக் கலந்து, எதையும் காட்டக் கூடாது என்ற ஒரே அச்சமாகத் திரண்டுவிட்டன.

வாடகையைக் காட்டாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை வெளியே சொல்ல யாரும் விரும்பவில்லை. இரண்டு அறைகளுக்கும் வாடகை ரொக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தம் இல்லை, ரசீதும் இல்லை. தாராவியில் பல அறைகளின் நிலை இதுதான். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, லீவ் அண்ட் லைசென்ஸ் எனப்படும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்யச் சொல்கிறது. வருமான வரிச் சட்டமோ ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததை அறச் செலவாக ஏற்பதில்லை. 2018-இன் நிதிச் சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை அறக்கட்டளைகளுக்கும் நீட்டியது. மாதம் 15,000 ரூபாய் ரொக்க வாடகை இரண்டு சட்டங்களிலும் இடறுகிறது. எனவே முன்மொழிவில் ஒரு வரி எழுதுவதற்கு முன் அறை உரிமையாளர்களிடம் பேச வேண்டியிருந்தது. ஒருவர் ஒப்பந்தத்துக்கும் வங்கி வழி வாடகைக்கும் சம்மதித்தார். மற்றவர் மறுத்தார், அவருடைய அறையில் நடந்த வகுப்புகள் அடுத்த சந்தில் வேறொரு அறைக்கு இடம் மாறின. நல்ல எழுத்தரை அமர்த்தியிருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. பட்ஜெட்டை முதலில் எழுதியதால்தான் நடந்தது.

டேப்லெட்டுகள் பட்ஜெட்டிலிருந்து எடுக்கப்பட்டன. டீச்சர்களைக் கேட்டபோது அவர்களில் யாரும் அவற்றைக் கேட்டிருக்கவில்லை என்பது தெரியவந்தது. நிறுவனத்துக்குப் பிடிக்கும், பெயர் ஒட்டிப் படம் எடுக்க வசதி என்று சேர்த்தவை அவை.

தொடக்க நிலை அளவீடு

நிராகரிப்பின் இரண்டாவது வரி தொடக்க நிலை அளவீட்டைப் பற்றியது. இதற்கு வெளியாரை அமர்த்தி ஆய்வு நடத்த வேண்டும் என்று எண்ணிச் சிறு அமைப்புகள் பின்வாங்குகின்றன. அதற்குத் தேவையில்லை. 1990-களில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் பணியைத் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வில் பயன்படுத்தும் வாசிப்புத் தாள் தமிழிலும் கிடைக்கிறது. எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்ற நான்கு படிகள் கொண்ட அந்தத் தாளை ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியே கொடுத்து வாசிக்கச் சொன்னால், ஒருவருக்குச் சில நிமிடங்களில் நிலை தெரிந்துவிடும். ஏசர் ஆய்வு ஊரகக் குழந்தைகளுக்கானது என்பதால் அதன் மாநில முடிவுகளைத் தாராவியோடு ஒப்பிடுவது பொருந்தாது. கருவியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த மொழியில் சோதிப்பது என்பதில் டீச்சர்களிடையே நீண்ட வாதம் நடந்தது. பள்ளி மொழியிலேயே சோதிக்க வேண்டும், ஏனெனில் குழந்தை தேர்வு எழுதுவது அதில்தான் என்றனர் சிலர். வீட்டு மொழியில் வாசிக்க வந்துவிட்டால் மற்ற மொழிக்குத் தாவுவது எளிது என்றனர் மற்றவர்கள். இறுதியில் பள்ளி மொழியில் சோதித்து அதையே இலக்குக்கு அடிப்படையாக வைப்பது, தமிழிலும் சோதித்து அதைக் கற்பித்தலுக்கு மட்டும் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. முன்மொழிவில் இது நான்கு வரியே பிடித்தது. ஆனால் பரிசீலனையின்போது நிறுவனத்தினர் அதிகக் கேள்வி கேட்டது இந்த நான்கு வரிகளைப் பற்றித்தான். டீச்சர்களால் தயக்கமின்றிப் பதில் சொல்லவும் முடிந்தது.

சோதனையின் முடிவு: 120 பேரில் எழுத்துகளும் தெரியாதவர் 9, எழுத்து மட்டும் தெரிந்தவர் 22, சொல் வாசிப்பவர் 31, பத்தி வாசிப்பவர் 27, கதை வாசிப்பவர் 31. இந்த ஒரு வரி பழைய முன்மொழிவின் பன்னிரண்டு பக்கங்களை நீக்கியது. தாராவி என்றால் என்ன என்று மும்பை நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு அறைகளில் 89 குழந்தைகள் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியாமல் இருக்கிறார்கள் என்பதுதான் அதற்குத் தெரியாதது. கதை வாசிப்பவர்களை 31-இலிருந்து 75-ஆக உயர்த்துவது ஓராண்டு இலக்கு என்று எழுதினார்கள். நூறு சதவீதம் என்று எழுதச் செயற்குழுவில் ஆசை இருந்தது. எழுத்தே தெரியாத ஒன்பது பேரை மனத்தில் வைத்து டீச்சர்கள் அதை மறுத்துவிட்டார்கள்.

நாள்காட்டி

நிறுவனத்தின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மகாராஷ்டிரப் பள்ளியின் ஆண்டு ஜூன் நடுவில். இடையில் மே மாதம் முழுவதும் தாராவித் தமிழ்க் குழந்தைகளில் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். முதல் முன்மொழிவின் கால அட்டவணை ஏப்ரல் முதல் வாரத்தில் வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. தாராவியை அறிந்தவர் எவரும் அதை எழுதியிருக்கமாட்டார்.

இரண்டாவது முன்மொழிவில் ஏப்ரலும் மேயும் டீச்சர் பயிற்சிக்கும் பொருள் தயாரிப்புக்கும் ஒதுக்கப்பட்டன. ஜூன் கடைசியில் சேர்க்கையும் அளவீடும். ஜூலையில் மழையால் வருகை குறையும் என்று முன்கூட்டியே எழுதி, ஆண்டின் வகுப்பு நாள்கள் 220 என்று கணக்கிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு குழந்தைக்கு 440 மணி நேரக் கற்பித்தல். ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 14,000 ரூபாய் என்பது முதலில் பயமுறுத்திய எண். மணிக்கு சுமார் 32 ரூபாய் என்று பார்த்தபோது அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை என்பது செயற்குழுவுக்கே புரிந்தது. இரண்டு எண்களையும் முன்மொழிவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

தவணைகளைப் பற்றி ஒரு குறிப்பு. நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும் என்ற நெருக்கடியில் பிப்ரவரியில் பணம் தரும் நிறுவனங்கள் உண்டு. பல ஆண்டுத் திட்டம் என நிறுவனத்தின் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுவரை அது நீளலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி வைக்க நிறுவனத்துக்குச் சட்டமே வழி தந்திருக்கிறது. இதை அறிந்த அமைப்பு, மார்ச் 31-க்குள் எப்படியாவது செலவு செய்து காட்டுங்கள் என்ற வற்புறுத்தலுக்குப் பணிய வேண்டியதில்லை.

எழுதத் தயங்கிய ஆபத்து

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்னரே தரைத்தளத்தில் இருந்த வீடுகளுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்றும், மற்றவர்களில் பலருக்கு வேறிடம் என்றும் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. மையத்துக்கு வரும் குழந்தைகள் பலர் மாடி அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள். முதல் முன்மொழிவு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் நிதி தருபவர் ஓடிவிடுவார் என்ற நினைப்பு.

இதை எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. செய்தித்தாள் படிக்கும் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்பார். விடை முன்மொழிவில் இல்லையென்றால், அமைப்பு யோசிக்கவில்லை அல்லது மறைக்கிறது என்ற இரண்டில் ஒன்றாகவே அதை எடுத்துக்கொள்வார். இரண்டாவது முன்மொழிவு ஒரு பக்கம் ஒதுக்கி, அறைகளின் ஒப்பந்தக் காலம், அறை இழந்தால் மாற்று ஏற்பாடு, குடிபெயரும் குழந்தையின் நிலையைப் பதிவு செய்து பெற்றோர் கையில் கொடுத்தனுப்பும் முறை ஆகியவற்றை எழுதியது. குடும்பங்கள் மொத்தமாக இடம்பெயர்ந்தால் திட்டத்தைத் தொடர முடியாது என்பதையும், அப்போது மீதித் தொகை திருப்பித் தரப்படும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னது.

முடிவும் பின்விளைவும்

இரண்டாவது முன்மொழிவு பதினொரு பக்கம். அனுப்பியது வேறொரு நிறுவனத்துக்கு. மொத்தச் செலவு 16,80,000, அதில் பெற்றோர் கட்டணமாக 72,000, உள்ளூர் நன்கொடையாக 2,88,000 என அமைப்பின் பங்கு 3,60,000, கேட்டது 13,20,000. நிறுவனத்தின் அலுவலர் இருவர் மையத்துக்கு வந்து பார்த்தனர். ஒரு பிற்பகல் முழுவதும் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தனர். பிறகு 12,24,000 ரூபாய்க்கு ஒப்புதல் வந்தது. வெட்டப்பட்டது கணக்கரின் 96,000.

அந்த வெட்டு நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவறிக்கை, ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ், ஒவ்வொரு வவுச்சரின் நகல் ஆகியவற்றைக் கேட்கும் ஒப்பந்தம், அவற்றைத் தயாரிப்பவரின் சம்பளத்தை மட்டும் ஏற்காது என்பது முரண். ஆனால் செலவு எழுத்தில் இருந்ததால் பள்ளம் எவ்வளவு என்பது முன்பே தெரிந்தது. உள்ளூர் நன்கொடையாளர்களிடம் போய், கணக்கருக்கு மட்டும் மாதம் 8,000 வேண்டும் என்று கேட்க முடிந்தது. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். கணக்கின் அருமை தெரிந்தவர்.

ஆண்டு முடிவில் எழுந்த சிக்கல்தான் இந்த நிகழ்வில் மிகக் கடினமானது. 120 பேரில் 22 பேர் நடுவில் விலகியிருந்தார்கள். சிலர் ஊரோடு போய்விட்டார்கள்; சிலரின் குடும்பங்கள் மீரா ரோடு, நாலாசோப்ரா பக்கம் வாடகை குறைவென்று குடிமாறின. மீதி 98 பேரில் கதை வாசித்தவர் 63. 98-ஆல் வகுத்தால் 64 சதவீதம். 120-க்கு 75 என்ற இலக்கு 62.5 சதவீதம் என்பதால், இலக்கைத் தாண்டியாயிற்று என்று எழுதலாம். 120-ஆல் வகுத்தால் 52.5 சதவீதம், இலக்குக்குப் பன்னிரண்டு பேர் குறைவு. விலகியவர்களின் இடத்தில் சேர்ந்த 22 புதியவர்களையும் கூட்டினால் வேறொரு விடை வரும்.

செயற்குழுவில் பெரும்பான்மையோர் 64 சதவீதத்தை எழுதவே விரும்பினர், அது பொய்யுமன்று. டீச்சர்களில் மூத்தவர் மட்டும், விலகிய 22 பேரில் முக்கால்வாசிப் பேர் தொடக்கத்தில் எழுத்து, சொல் நிலைகளில் இருந்தவர்கள் என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். பின்தங்கியவர்கள் விலகினாலே சராசரி தானாக உயர்ந்துவிடும். ஆகவே அறிக்கையில் இரண்டு சதவீதங்களும், விலகியவர்களின் தொடக்க நிலையும், புதியவர்களின் நிலை தனி அட்டவணையாகவும் இடம்பெற்றன. இலக்கை எட்டவில்லை என்ற வாக்கியம் முதல் பக்கத்திலேயே வைக்கப்பட்டது.

நிறுவனம் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: குடிமாறும் குழந்தைகளைத் தொடர என்ன செலவாகும்? புதுப்பிப்புக்கான முன்மொழிவில் அதற்கு ஒரு புதிய வரி சேர்க்கப்பட்டது. விலகிய குடும்பங்களோடு தொலைபேசித் தொடர்பு, நாலாசோப்ரா பகுதிப் பள்ளிகளில் சேர்க்கைக்கு உதவி, ஒருங்கிணைப்பாளரின் ரயில் செலவு ஆகியவை அதில் அடங்கும். கணக்கரின் 96,000 ரூபாயும், இந்த முறை நிதி அறிக்கைத் தயாரிப்பு என்ற தலைப்பில், பட்ஜெட்டின் மூன்றாவது வரியாக மறுபடியும் கேட்கப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். குழு அதை இன்னும் முடிவு செய்யவில்லை.